புதுவெள்ளத்தில் எதிரேறும் சிறுமீன்களும் நொய்யல் பாசன நீரும்

மழைக்காலம் தொடங்கி ஆற்றில் புதுவெள்ளம் வந்தவுடன், சிறுமீன்கள் கூட்டங்கூட்டமாக நீரோட்டத்தை எதிர்த்து வாய்க்கால்களிலும் பள்ளங்களிலும் ஏறி, குளங்களையும் வயல்களையும் நாடி வருவதைக் கிராமத்தார் யாவரும் கண்டிருப்பர். இதனை ஒரு வேடிக்கையாகவும், இரண்டொரு நாள் குழம்புக்கு உதவும் வரும்படியாகவும் கருதி விட்டுவிடுவது வழக்கம். ஆயினும் பாசன நிலம் உடையவர்களுக்கு இந்த மீன்களின் வரவு மிகவும் கவனிக்கத்தக்கதாகும். எந்த வாய்க்காலில் மீன் ஏறுகிறதோ அந்த வாய்க்காலின் தண்ணீரைப் பற்றியும், எந்த வாய்க்காலில் ஏறுவது நின்றுபோயிற்றோ அதன் தண்ணீரைப் பற்றியும் அது சில உண்மைகளை அறிவிக்கிறது. திருப்பூரைச் சூழ்ந்த நொய்யல் பாசனப் பிரதேசத்தில் இவ்வுண்மைகளை அறிந்திருத்தல் பெரிதும் அவசியம்.

எதிரேறும் மீன்கள் யாவை

காவிரியிலும் பவானியிலும் மீன் பிடிப்போர் அரஞ்சான் என வழங்கும் மீன் இவ்வகைக்கு நல்ல உதாரணமாகும். சிர்ரைனஸ் ரீபா என்பது அதன் சாஸ்திரப் பெயர். வெள்ளிபோன்ற உடலும், செதில்களின் ஓரங்களில் கருமையும் உடையது. ஓரடி வரையில் வளரக்கூடியதாயினும் வலையில் அகப்படுவன பெரும்பாலும் அதனிலும் சிறியனவே. ஆற்றின் அடித்தரையில் படியும் பாசி, மக்கிய இலைதழை முதலியவற்றைத் தின்று வாழ்வது. கோடையில் மடுக்களில் ஒதுங்கியிருந்து, வெள்ளம் வந்தவுடன் மேல்நோக்கிச் சென்று, ஓடும் நீரிலும் வெள்ளம் பரவிய ஆழமற்ற ஓரங்களிலும் முட்டையிடும். தேங்கிய குட்டையில் அது சாதாரணமாக இனப்பெருக்கம் செய்வதில்லை.

குடியானவர்கள் கெண்டை என்று பொதுப்பெயரால் அழைக்கும் சிறுமீன்களிற் பலவும் இவ்வாறே ஏறுகின்றன. அவை செல்லும் தூரம் குறைவு. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து குளத்துக்கும் வயலுக்குமே செல்லும். கெண்டையின் முட்டைகள் பிசுபிசுப்புடையவையாதலால் நீரில் மூழ்கிய புல் பூண்டுகளில் ஒட்டிக்கொள்ளும். அரஞ்சானின் முட்டைகள் ஒட்டும் தன்மையற்றவை. அவை தரையில் விழுந்தோ நீருடன் உருண்டோ கிடந்து பொரிக்கும். முட்டை பொரிப்பதற்கு ஒரு நாளே போதுமானது. ஆனால் அந்த ஒரு நாளும், அடுத்து வரும் சில நாட்களும் தண்ணீர் நல்லதாக இருக்கவேண்டும். பெரிய மீன் கெட்ட நீரிலிருந்து விலகிப் போகக்கூடும். முட்டைக்கும் குஞ்சுக்கும் அவ்வழியில்லை.

மீனுக்கு வேண்டிய இடம்

இச்சிறுமீன்களுக்கு மூன்றுவித இடங்கள் தேவை. முதலாவது, கோடையில் வற்றாது நிற்கும் மடு. இரண்டாவது, வெள்ளக் காலத்தில் முட்டையிடுவதற்கு ஆழமற்ற, புல் பூண்டு உள்ள, நீர் மெதுவாக ஓடும் ஓரம். மூன்றாவது, இவ்விரண்டையும் இணைக்கும் தடையில்லாத வழி. இம்மூன்றில் ஒன்று இல்லாவிடினும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். மணலை அளவின்றி அள்ளிய ஆற்றில் அடித்தரை மாறி மடுக்களின் நிலையும் கெடுகிறது. வாய்க்கால்களின் இருபுறமும் சிமெண்டு பூசி விடின் தண்ணீர் விரைந்து ஓடுமேயன்றி முட்டையிட ஓரம் இராது. ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பு முழுவதையும் மூடிவிடின் காற்றும் வெளிச்சமும் உட்புகாமல் அடியிலுள்ள பாசி அழியும்.

நொய்யல் நதி வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் ஜில்லாக்களின் வழியே கிழக்காக ஓடி, கரூர் ஜில்லாவிலுள்ள நொய்யல் என்னும் கிராமத்தருகே காவிரியிற் கலக்கிறது. இந்நதியின் குறுக்கே முன்னோர் இருபதுக்கு மேற்பட்ட சிறு அணைக்கட்டுகளைக் கட்டி, முப்பதுக்கு மேற்பட்ட குளங்களுக்கு வாய்க்கால் மூலம் நீரைத் திருப்பினர். ஒரு குளம் நிரம்பி வழியும் நீர் அடுத்ததற்குச் செல்லும்படியான சங்கிலித்தொடர் அமைப்பு பல இடங்களில் உண்டு. மழையை மட்டும் நம்பியிருக்கும் வறண்ட பிரதேசத்தில் இவ்வமைப்பு நிலத்தடி நீருக்கு ஆதாரமாக இருந்தது. சிறுமீன்களுக்கு மடுவாகவும், முட்டையிடும் ஓரமாகவும், வழியாகவும் அமைந்தது. மேற்கே மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் ஆடி மாதத்தையொட்டி ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழையால் ஐப்பசி கார்த்திகையில் மறுமுறையும் ஆற்றில் நீர்வரத்து உண்டாகும்.

மீனுக்கு வேண்டிய தண்ணீர்

மீனுக்குப் பிராணவாயு முதற்கண் வேண்டும். 20 டிகிரி சூட்டிலுள்ள தூய நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமுக்கு மேல் தங்குவதில்லை. நம் நாட்டுக் கோடை நீரில் கையிருப்பே குறைவு என்பது இதனால் விளங்கும். சாக்கடை நீர் கலக்கும்போது அதிலுள்ள அழுகும் பொருள்களைச் சிதைக்கும் கிருமிகள் இக்கையிருப்பைச் செலவழித்துவிடுகின்றன. பச்சைப் பாசி மண்டிய குட்டையில் பகலில் பிராணவாயு மிகுந்தும், இரவு முழுதும் குறைந்துகொண்டே வந்து, விடியற்காலையில் மிகத் தாழ்ந்தும் இருக்கும். மீன்கள் விடியும் வேளையில் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து நிற்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது கவனிக்கவேண்டியது அம்மோனியா. சாக்கடையிலும் சாணக் கரைசலிலும் உண்டாகும் அம்மோனியா முழுவதும் விஷமல்ல. அதில் தனித்து நிற்கும் பகுதியே மீனின் செவுளைக் கெடுக்கும். அமில கார நிலை எண் 7 ஆக இருக்கும் நீரில் அப்பகுதி நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதே நீரில் காரம் கலந்து எண் 9 ஆக உயர்ந்தால் அது மூன்றிலொரு பங்குக்கும் மேலாகிவிடும். எனவே சாக்கடை தனியே செய்யும் தீங்கினும், சாக்கடையுடன் சலவைக் காரமும் கலந்து செய்யும் தீங்கு பன்மடங்கு அதிகம்.

மூன்றாவது, சலவைப்பட்டறைகளிலிருந்து வரும் குளோரின். இது மிகச் சொற்ப அளவிலும் மீனின் செவுளை அரித்துவிடும். நான்காவது, சாய நீரின் நிறம். நிறம் நேரே கொல்லாவிடினும் சூரிய வெளிச்சம் அடித்தரையை அடையாமல் தடுத்து, மீன் உண்ணும் பாசி வளரவொட்டாமற் செய்கிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை அவற்றின் உபயோகத்தைக் கருதி ஐந்து வகுப்புகளாகப் பிரித்துள்ளது. மீன் முதலிய ஜீவராசிகள் பெருகுவதற்கான நான்காம் வகுப்பு நீரில், அமில கார நிலை எண் 6.5 முதல் 8.5 வரையும், பிராணவாயு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமலும், தனித்த அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். பாசனத்துக்கான ஐந்தாம் வகுப்பு நீரில், அமில கார நிலை எண் 6.0 முதல் 8.5 வரையும், மின்கடத்தும் அளவு 2,250 மைக்ரோமோவுக்கு மேற்படாமலும், போரான் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். மின்கடத்தும் அளவு என்பது நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் குறியாகும்.

இவ்விரண்டு வகுப்புகளையும் ஒப்பிட்டு நோக்குதல் நலம். மீனுக்கான அளவில் உப்பைப் பற்றிய விதியில்லை. பாசனத்துக்கான அளவில் பிராணவாயுவைப் பற்றிய விதியில்லை. ஆகையால் ஒன்றை மட்டும் கொண்டு தண்ணீரை நல்லதென்று முடிவு செய்தல் தவறு.

நொய்யலில் நேர்ந்தது

பனியன் தொழில் திருப்பூரில் பெருகியபோது, நூலையும் துணியையும் வெளுக்கவும் சாயமிடவும் வேண்டிய பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் ஏற்பட்டன. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குச் சாயத் தொட்டியில் லிட்டருக்குப் பல பத்துக் கிராம் உப்பு இடவேண்டும். அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவு நீருடன் வெளியேறும். நிறத்தை நீக்கும் சாதாரணச் சுத்திகரிப்பு முறைகளால் உப்பு நீங்குவதில்லை.

ஈரோடு, கரூர் ஜில்லாக்களில் 10,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் அளிக்கும் நோக்கத்துடன் ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992-ல் முடிவுற்றது. ஆனால் அதில் தேங்கியது பெரும்பாலும் சாயக் கழிவு நீராக இருந்தமையால், எந்தக் குடியானவர்களுக்காக அணை கட்டப்பட்டதோ அவர்களே அத்தண்ணீரைத் தங்கள் நிலத்துக்கு விடவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. சுற்றுப்புறக் கிணறுகளும் உவர்ப்பாயின. நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கத்தார் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2009-ல் உச்சநீதிமன்றம் அதனை ஊர்ஜிதம் செய்தது. கழிவு நீரைச் சிறிதும் வெளிவிடாத ஏற்பாடு செய்யாத பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அதன் பின்னர், கழிவு நீரை நுண்சவ்வு வழியாக வடித்து நீரையும் உப்பையும் மீண்டும் உபயோகிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் துணையுடன் பட்டறைகள் மறுபடியும் இயங்கலாயின.

இவ்வழக்கினால் பெருந்தீமை குறைந்ததென்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆற்றின் குறை முற்றும் நீங்கிவிடவில்லை. நகரங்களின் சாக்கடை நீர் இன்றும் ஆற்றிற் கலக்கிறது. மழை பெய்யும் சமயம் பார்த்து இரகசியமாகக் கழிவு நீர் திறந்துவிடப்படுவதாகக் குடியானவர்களின் முறையீடுகளும் எழுகின்றன.

முதல் வெள்ளத்தின் அபாயம்

மீனுக்கும் குடியானவருக்கும் பொதுவான ஆபத்து முதல் வெள்ளத்திலேயே இருக்கிறது. மழையற்ற மாதங்களில் ஆற்றுப்படுகையில் உப்பு பூத்துக் கிடக்கும். குழிகளில் கருஞ்சேறு தேங்கும். இச்சேற்றில் பிராணவாயு இன்மையால் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு உண்டாகியிருக்கும். முதல் வெள்ளம் இவையனைத்தையும் கிளறி ஒரே வீச்சில் கொண்டுவருகிறது. கிளறப்பட்ட சேறு தண்ணீரிலுள்ள பிராணவாயுவை உடனே உறிஞ்சிவிடுவதால், வெள்ளம் வந்த மறுநாளே மீன்கள் செத்து மிதக்கும். ஆண்டு முழுவதும் மீன் காத்திருந்த வெள்ளமும், ஆண்டு முழுவதும் சேர்ந்த அழுக்கும் ஒரே நாளில் வருகின்றன என்பதே இதன் கருத்து.

குளத்தை விரைவில் நிரப்பவேண்டும் என்னும் ஆவலால் முதல் நீரையே மதகைத் திறந்து ஏற்றுக்கொள்ளும் கிராமம், அந்த உப்பையும் சேற்றையும் தன் குளத்துக்குள் அழைத்துக்கொள்கிறது. ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஓர் ஏக்கருக்கு இரண்டங்குலத் தண்ணீர் பாய்ச்சினால் ஏறக்குறைய 200 கனமீட்டர் நீர் செல்லும். கழிவு நீரில் கரைந்த பொருள்களுக்கு வரம்பாக வைக்கப்பட்ட, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்னும் அளவிலேயே அந்நீர் இருப்பினும், ஒரு பாய்ச்சலில் நிலத்தில் சேரும் உப்பு சுமார் 420 கிலோ ஆகும். உப்பைத் தாங்காத மஞ்சள், வாழை முதலிய பயிர்கள் முதலில் இலை கருகும். சோடியம் மிகுந்த நிலம் ஈரத்தில் குழைந்தும், காய்ந்தால் கட்டி தட்டியும் ஏருக்கு இணங்காததாகிவிடும்.

எந்த மீனைச் சாட்சியாகக் கொள்வது

எல்லா மீனும் நற்சாட்சியாகமாட்டா. விராலும் தேளியும் நீரைவிட்டு வாயை மேலே தூக்கிக் காற்றையே சுவாசிக்க வல்லவை. 1952-ல் அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜிலேபி என்னும் திலேப்பியாவோ சாக்கடையிலும் ஓரளவு உவர் நீரிலும் பெருகும். இவை நிறைந்திருப்பதைக் கண்டு தண்ணீர் நல்லதெனக் கொள்ளலாகாது. செவுளினால் மட்டும் சுவாசிக்கும் கெண்டை, அரஞ்சான் ஆகியவையே சாட்சியாகத் தக்கவை. அவற்றிலும் புதிதாகப் பொரித்த குஞ்சுகள் ஓரங்களில் திரிவதே சிறந்த சாட்சி.

இச்சாட்சிக்கும் ஓர் எல்லையுண்டு. பயிருக்குத் தீங்கு செய்யக்கூடிய அளவு உப்பிலும் வளர்ந்த கெண்டை உயிர் வாழக்கூடும். ஆகவே வழக்கமாக ஏறும் மீன் ஏறாமற் போயின் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். மீன் ஏறினும் உப்பின் அளவைச் சோதித்தே பாய்ச்சவேண்டும்.

அணையும் மதகும்

தண்ணீர் நல்லதாயினும் வழி இல்லாவிடின் மீன் வாராது. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தபின், கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீன் பெரிதும் அருகிப்போயிற்று. பெரிய அணைகளைக் குறித்துக் கிராமத்தார் செய்யக்கூடியது சொற்பமே. ஆனால் வாய்க்கால் மதகுகளும் குளத்துக் கலிங்குகளும் அவர்கள் கண்பார்வையில் இருப்பவை.

சிறுமீன் ஒன்று சிறிது நேரம் முழுவேகத்துடன் பாயும்போது வினாடிக்குத் தன் நீளத்தைப்போல் பத்து மடங்கு தூரம் செல்லும் என்பது பொதுவான கணக்கு. அரையடி நீளமுள்ள மீனுக்கு இது வினாடிக்கு ஐந்தடி. மதகின் இருபுறத்து நீர்மட்டங்களுக்கும் மூன்றடி வித்தியாசம் இருந்தால் மதகுக் கண்ணில் நீர் வினாடிக்குச் சுமார் 14 அடி வேகத்தில் பாயும்; ஓரடி வித்தியாசத்தில் 8 அடி; நான்கங்குல வித்தியாசத்தில் நாலரையடி. ஆகவே நான்கங்குலத்துக்கு மேற்பட்ட வீழ்ச்சியை அம்மீன் கடக்க இயலாது. மூன்றங்குலக் கெண்டைக்கு ஓரங்குல வீழ்ச்சியே எல்லையாகும்.

இதற்குப் பரிகாரம் எளிது. கலிங்கின் ஒரு பக்கத்தில் மட்டும், ஓரடி உயரத்துக்கு இருபது முதல் முப்பது அடி நீளம் இருக்கும்படி சரிவு அமைத்து, அதில் கரடுமுரடான கற்களைப் பதித்து, இடையிடையே மீன் இளைப்பாறச் சிறு குழிகள் விடவேண்டும். கற்களின் மறைவில் நீர் வேகம் தணிவதால் சிறுமீனும் படிப்படியாக ஏறும். இவ்வேலையைப் பொதுநீர்நிலைகளில் நீர்வளத் துறையின் அனுமதியின்றிச் செய்யலாகாது.

குடியானவர் செய்யத்தக்கவை

1. அணைக்கட்டில் மணற்போக்கி மதகு இருப்பின், முதல் வெள்ளத்தின்போது அதைத் திறந்துவைக்கும்படி நீர்வளத் துறையாரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அழுக்கு நீர் கீழே கழியும். அதுவரையில் குளத்து மதகை மூடிவைத்து, தண்ணீரின் நிறமும் நாற்றமும் மாறி, மின்கடத்தும் அளவு தாழ்ந்தபின் திறத்தல் வேண்டும்.

2. மின்கடத்தும் அளவையும் அமில கார நிலையையும் காட்டும் கையடக்கக் கருவி ஒன்றை ஒரு வாய்க்காலைச் சேர்ந்தவர்கள் கூட்டாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். கருவி இல்லாதவர்கள் சுத்தமான புட்டியில் நீர் எடுத்து, எடுத்த இடமும் தேதியும் எழுதி ஒட்டி, விவசாய இலாகாவின் பரிசோதனைச் சாலைக்குத் தாமதமின்றி அனுப்பவேண்டும்.

3. கோடையில் கடைசி மடு நீரை இயந்திரம் வைத்து இறைத்து வற்றச் செய்தல் கூடாது. அதில் தங்கும் சில நூறு மீன்களே அடுத்த ஆண்டின் வித்து.

4. ஏறுமீனை வாய்க்கால் முழுவதும் அடைத்துப் பிடிக்கலாகாது. கொசுவலை கட்டி அரிப்பதால் முட்டையுள்ள தாய்மீனும் குஞ்சும் ஒருங்கே அழியும். வெள்ளம் வந்த முதல் வாரம் வலை போடாதிருப்பதும், அதன்பின்னும் வாய்க்காலில் பாதியை வழியாக விடுவதும் நன்று. வெடி வைத்தும், சலவைத்தூள் முதலிய விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படி குற்றமாகும்.

5. பூச்சிமருந்து தெளித்த கருவிகளையும் காலி டப்பாக்களையும் வாய்க்காலில் கழுவுதல் கூடாது. சைபர்மெத்ரின் முதலிய மருந்துகள் மிகச் சிறிய அளவிலும் மீனைக் கொல்லும். சாயப்பட்டறையைக் குறைகூறுவோர் தம் கையால் ஆகும் தீங்கை முதலில் நிறுத்துதல் முறை.

6. வாய்க்கால் தூர்வாரும்போது இரு கரைகளிலும் உள்ள புல் பூண்டை ஒருசேரச் செதுக்கிவிடாமல், ஒரு கரையை இவ்வாண்டும் மறுகரையை அடுத்த ஆண்டுமாகச் சுத்தம் செய்தால் முட்டையிட இடம் இருக்கும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை

முறையீடுகள் பயனற்றுப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் குறிப்பு இல்லாமையே. தண்ணீர் எப்போது கெட்டது, எந்த மதகில் முதலில் தெரிந்தது, எத்தனை நாள் நீடித்தது என்று கேட்கும்போது நிச்சயமான விடை கிடைப்பதில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வெள்ளம் வந்த தேதி, நிறம், நாற்றம், கருவியின் அளவு, ஏறிய மீனின் வகை, செத்த மீன் இருப்பின் இடமும் நேரமும் ஆகியவற்றை அவ்வப்போது எழுதி வரவேண்டும். மீன் செத்து மிதக்கக் கண்டால் அன்றே நீர் எடுத்து முத்திரையிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஜில்லா அலுவலகத்துக்கு அறிவித்தல் அவசியம். ஓடும் ஆறாதலால் மறுநாள் எடுக்கும் நீர் மறுநாளைய நிலையையே காட்டும். 1974-ஆம் ஆண்டின் நீர்மாசுத் தடுப்புச் சட்டப்படி எடுக்கப்படும் நடவடிக்கைக்கு இக்குறிப்புகள் துணையாகும்.

திருப்பூருக்கு அண்மையில் நல்லாற்று நீரைப் பெறும் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள நீர்நிலையாகச் சேர்க்கப்பட்டது. அங்கு வரும் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் நாடுவது சிறுமீனையே. தொழில் நகரின் ஓரத்திலும் நீரைக் காத்தால் ஜீவராசிகள் திரும்பி வரும் என்பதற்கு அக்குளம் கண்கூடான அத்தாட்சி.

வரும் பருவத்தில் ஒவ்வொரு வாய்க்காலைச் சேர்ந்தவர்களும் புதுவெள்ளம் வந்த அன்று மதகடியில் நின்று, எந்த மீன் ஏறுகிறது, தண்ணீரின் அளவு என்ன என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்களாக. சில ஆண்டுகளின் குறிப்பு சேர்ந்தபின், எந்த நீரைத் தம் நிலத்துக்கு விடலாம், எதை ஆற்றோடு போகவிடலாம் என்று அவர்களே தீர்மானிக்க வல்லவராவர்.